பிரஷா அனுப்பிய மனிதர்

அத்தியாயம் பன்னிரண்டு

சிவநேசம் அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. கீழ்வீட்டிலிருந்து மேல்வீட்டுக்குச் சாப்பாடு வருவது மட்டும் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, வாசலில் இருக்கும் இரும்புப் படிகளில் ஒரு கறிச்சட்டிகூட ஏறவில்லை.

வியாழக்கிழமை காலை அந்தப் படிகளில் விழுந்திருந்த பனியைத் தள்ளிக்கொண்டு நின்ற சாரங்கன் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். அக்காவின் கோபத்தைத் தாங்கிவிடலாம். அக்காவின் மௌனம்தான் கஷ்டம்.

தாய் தகப்பன் இல்லாமற்போன தம்பியை மொன்றியலுக்கு எடுப்பித்தவர் அவர். டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலையில் கால்கடுக்க நின்று அவனைப் படிக்கவைத்தவர். தனக்கென்று ஒரு கலியாணத்தைப் பேசவிடாமல் அவனுக்குப் பெண் பார்த்தவர். நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் மேலும் கீழுமாக இரண்டு வீடுள்ள இந்தக் கட்டடத்தை வாங்கியபோது, "மேல உனக்கு, கீழ எனக்கு" என்று ஒரே வசனத்தில் அவனுடைய வாழ்க்கையை ஒழுங்குபடுத்தியவர்.

ஞாயிறு அந்த ஒழுங்கில்தான் கீறல் விழுந்தது.

மொன்றியலுக்கு வடமேற்கே, காட்டையும் ஏரிகளையும் ஊடறுத்துப் போகும் தெருவில் ஒரு பகல் முழுக்கக் கார் ஓடினால் லாக்-ஒ-பூலோ என்று ஒரு சிற்றூர் வரும். அங்கேயுள்ள சின்னக் கிளினிக்கில் ஒன்றரை வருடமாக மாதத்தில் பாதி நாள் வேலை செய்கிறாள் சாரங்கனின் மனைவி பிரஷாந்தினி. அவள் டொக்டர் இல்லை. நேர்ஸாக வேலை செய்துகொண்டே மேற்படிப்புப் படித்து, நோயாளியைத் தானே பார்த்து, என்ன நோய் என்று தானே முடிவெடுத்து, மருந்தும் தானே எழுதும் உரிமை பெற்ற சிறப்புத் தாதி. அந்த ஊருக்கு இருந்த ஒரே டொக்டர் வயதாகி ஓய்வு பெறுகிறார். அவருடைய இடத்துக்கு வர ஒருவரும் இல்லை. 'நீங்கள் குடும்பத்தோடு இங்கேயே வந்து கிளினிக்கைப் பொறுப்பெடுங்கள். வீடு தருகிறோம். இல்லையென்றால் மூடுவதைத் தவிர வழியில்லை' என்று ஊர்ச்சபை கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும்.

பிரஷா இதைத் தொலைபேசித் திரையில் சொன்னபோது சாரங்கன் வாய் திறக்கவில்லை. அக்காதான் திறந்தார்.

"போறதெண்டால் போங்கோ. ஒரு நேர்ஸை நம்பி ஒரு ஊரே இருக்கெண்டால் அது எப்பிடிப்பட்ட ஊரெண்டு நீங்களே யோசியுங்கோ."

சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனவர்தான்.

இப்போது, அவனுடைய ஒன்பது வயது மகள் ஜெயனி பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கை காட்டினாள். பஸ் திரும்பி மறைந்ததும் சாரங்கனின் சட்டைப் பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. கையுறையைக் கழற்றாமல் ஒலிபெருக்கியில் போட்டான்.

"என்னப்பா, வேலைக்கு எப்ப போறியள்?" பிரஷாவின் குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது.

"பின்னேரம்தான். ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒரு உதவி வேணும். இஞ்ச இருந்து ஒருத்தரை நேற்று பிளேனில மொன்றியலுக்கு ஏத்திவிட்டனான். யோசெப் எண்டு பேர். வயித்துக்குள்ள ஓடுற பெரிய இரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கிப்போய் இருக்கு. இண்டைக்கே ஒப்பரேசன் செய்ய வேணும். மனுசன் ஏலாது எண்டு நிக்கிறாராம். வீட்டை போகப்போறன் எண்டு சப்பாத்தும் போட்டிட்டாராம்."

"நீ போனில சொல்லன்."

"அவருக்குக் காது கேக்காது. காதில போடுற மெசின் வீட்டுக் குசினி மேசையில கிடக்கு. எழுதிக் காட்டலாமெண்டால் கண்ணாடியும் அதே மேசையில. அவசரத்தில ஏத்தினது. பனி கொட்டித் தெருவைப் பூட்டிப்போட்டாங்கள், மனுசி செலீன் வர வழியில்லை. அவதான் கேட்டவ, மொன்றியலில உன்ர ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ எண்டு." சற்று நிறுத்தினாள். "எனக்கு உங்களை விட்டா ஆர் இருக்கினம்?"

சாரங்கனுக்கு அந்தக் கடைசி வசனம் நெஞ்சில் எங்கேயோ போய்த் தைத்தது. ஒன்றரை வருடத்தில் ஒரு தடவைகூட அவன் அந்த ஊருக்குப் போனதில்லை. வேலை, லீவு, பனி, ஜெயனியின் வகுப்புகள் என்று ஒவ்வொரு முறையும் ஒன்று கிடைத்தது.

"போறன்," என்றான். "நான் போய் என்ன சொல்லுறது?"

"ஒண்டும் சொல்லவேண்டாம். பக்கத்தில இருங்கோ. ஏன் மாட்டன் எண்டுறார் எண்டு கேட்டுப் பாருங்கோ. இஞ்ச ஆக்கள் வந்திட்டினம், பேந்து எடுக்கிறன்."

பனி தள்ளும் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டுத் திரும்பினால், கீழ்வீட்டுக் கதவில் அக்கா குளிர்கோட்டோடு நின்றார். கழுத்துச் சால்வையும் சுற்றியாகிவிட்டது. பிரஷா சொன்னதெல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"நானும் வாறன்."

"நீங்கள் ஏன் அக்கா? உங்களுக்கு இண்டைக்கு லீவெல்லே, படுங்கோ."

"உனக்கு ஆஸ்பத்திரி மணம் ஒத்துவராது. ஜெயனி பிறக்கேக்க நீ விழுந்தது எனக்கு மறக்கேல்லை. நீ அங்க மயங்கினால் அந்தக் கிழவனோ உன்னைத் தூக்கிறது?"

நாலு நாளுக்குப் பிறகு அக்கா அவனோடு கதைத்தது அதுதான்.

*

வைத்தியசாலையின் மேல்மாடி அறையொன்றில், கட்டிலின் விளிம்பில், யோசெப் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மரம்போல ஆள். அவருக்குக் கொடுத்திருந்த நோயாளிச் சட்டை முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. அதற்குக் கீழே வெறும் கால். அதற்கும் கீழே, கயிறு இறுக்கிக் கட்டிய கனத்த பனிச் சப்பாத்து. கையில் குழாய் ஏற்ற வந்த தாதி ஒருத்தி வாசலில் நின்று கையை விரித்தாள்.

சென்ட் லோரன்டில் விமான உடம்புக்கு ஆணி அறையும் தொழிற்சாலையில் சாரங்கனுக்கு வேலை. அங்கே இரைச்சலுக்காக எல்லோருடைய காதிலும் அடைப்பு இருக்கும்; எல்லோரும் உதட்டாலும் கையாலும்தான் கதைப்பார்கள். அவன் பிரெஞ்சு படித்ததே அப்படித்தான். சொற்களை ஒவ்வொன்றாக, உதட்டில் பெரிதாக உருட்டிச் சொல்லுவான். வெளியில் அப்படிக் கதைத்தால் ஜெயனி வெட்கப்படுவாள்.

அவன் கதிரையை இழுத்து யோசெப்பின் முகத்துக்கு நேரே போட்டு உட்கார்ந்தான்.

"வணக்கம். நான் பிரஷாவின் கணவன்."

யோசெப் அவனுடைய உதடுகளையே பார்த்தார். பிறகு தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். முகம் மெல்ல விரிந்தது.

"எல்லாவற்றுக்கும் எலுமிச்சை பிழிகிறவன்," என்றார், காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில். "சூப்புக்கும் பிழிவாயாம்."

சாரங்கன் திகைத்துப்போனான்.

"தெருவுக்கு மூஸ் வருமென்று பயந்து எங்கள் ஊர்ப் பக்கம் வராதவனும் நீதான்."

மூஸ் என்றால் குதிரையைவிட உயரமான காட்டு மிருகம். அந்தத் தெருவில் இரவில் காருக்குக் குறுக்கே வந்து நிற்கும். ஒருநாள் போகாமலிருக்கக் காரணம் தேடி அகப்படாமல் அவன் சொன்ன காரணம் அது. பிரஷா அதை நம்பியிருக்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான். அவளோ அதை ஒரு பகிடியாக்கி, அவன் பார்த்திராத ஒரு ஊரில் சொல்லி, அவனையும் அங்கே ஒரு ஆளாக வைத்திருக்கிறாள்.

"என்னவாம்?" என்று பின்னாலிருந்து அக்கா கேட்டார்.

"பிரஷா என்னைப் பற்றி அங்க கதைக்கிறவவாம், அக்கா."

அக்கா கதிரையொன்றில் மெல்ல உட்கார்ந்தார்.

சாரங்கன் யோசெப்பிடம் திரும்பினான். "ஒப்பரேசனுக்கு ஏன் வேண்டாம் என்கிறீர்கள்? பயமா?"

"பயம்தான். ஆனால் அதற்காக இல்லை." யோசெப் வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்த முயன்றார், அது தாழவில்லை. "நான் எனக்கென்று மருந்துக்குப் போகவில்லை. செலீனின் பிரஷரைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எழும்பும்போது முதுகைப் பிடித்தேனாம். எங்கள் பிரஷா அதைக் கண்டுவிட்டாள். எப்போதிருந்து இந்த வலி என்று கேட்டாள். விறகு பிளந்தது, ஒன்றுமில்லை என்றேன். விடவில்லை. படுக்கவைத்து வயிற்றில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் செலீன் அழத் தொடங்கிவிட்டாள்."

எங்கள் பிரஷா. சாரங்கன் அந்த இரண்டு சொற்களையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். தன் மனைவியை இன்னொரு வாயில் அப்படிக் கேட்பது புதிதாக இருந்தது. பொறாமை வரும் என்று பார்த்தால் வரவில்லை.

"பிறகு?"

"பிறகென்ன, பிளேனில் போட்டார்கள். இங்கே வந்ததும் ஒரு இளம் டொக்டர் கேட்டான், எந்த டொக்டர் உன்னை அனுப்பினார் என்று. அந்தச் சொல் எனக்கு உதட்டிலேயே விளங்கியது. டொக்டர் இல்லை, பிரஷா என்றேன். அவன் முகத்தைச் சுளித்தான். மற்றவனைப் பார்த்தான்." யோசெப் தன் பெரிய கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார். "எனக்கு எழுபது தாண்டிவிட்டது. ஒப்பரேசன் மேசையில் நான் செத்துப்போனால் யாரைப் பிடிப்பார்கள்? அவளைத்தான். டொக்டர் இல்லாதவள் ஏன் அனுப்பினாய் என்பார்கள். அவளை நிற்பாட்டினால் எங்கள் ஊருக்கு யார்? நான் வீட்டுக்குப் போகிறேன். வீட்டில் செத்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள்."

சாரங்கன் அக்காவுக்கு அதைத் தமிழில் சொன்னான். பாதி சொல்வதற்குள், மிச்சத்தைக் கேட்காமலே அக்காவுக்கு விளங்கிவிட்டது.

"விசர் மனுசன்," என்றார் மெதுவாக. திட்டுவதுபோல இல்லை.

*

சத்திரசிகிச்சை செய்யப்போகிற டொக்டர் உள்ளே வந்தபோது அக்காவும் சாரங்கனும் எழுந்து நின்றார்கள். நரை விழுந்த கூந்தலைத் தொப்பிக்குள் செருகிய, கண்ணுக்குக் கீழே களைப்புத் தெரிந்த ஒரு பெண். அவர்கள் தமிழில் கதைத்தது காதில் விழுந்திருக்கவேண்டும்.

"நீங்கதான் பிரஷாந்தினியோட ஹஸ்பண்டா? நான் ரஞ்சனா. இவருக்கு ஆபரேஷன் பண்ண வேண்டியது நான். பண்ண விட்டார்னா."

சென்னைத் தமிழ். அக்காவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. சாரங்கன் யோசெப் சொன்னதையெல்லாம் சொன்னான்.

ரஞ்சனா கண்ணை மூடித் திறந்தார். "அடக் கடவுளே. இதுக்காகவா காலைலேர்ந்து ஷூவோட உக்காந்திருக்கார்? அந்த ஜூனியர் பதிவுக்காகக் கேட்டிருப்பார். எங்கேர்ந்து, யாரு அனுப்பினாங்கன்னு எழுதணும். அவர் முகத்தைச் சுளிச்சது தப்புதான். நான் பேசறேன்."

"அப்ப பிரஷாவில பிழை ஒண்டும் வராதோ?"

"எதுக்கு வரணும்? நோயைக் கண்டுபிடிச்சு சொல்ற உரிமை சட்டப்படி அவங்களுக்கு இருக்கு. ஸ்கேன் எடுக்கறதுக்கு முன்னாடியே, கையால பாத்தே, என்னவா இருக்கும்னு சொல்லித்தான் அனுப்பியிருந்தாங்க. ஸ்கேன்லயும் அதேதான் வந்துது. காலைல அவங்ககிட்ட நானே பேசினேன்."

அக்கா ஒரு அடி முன்னால் வந்தார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவருக்குள்ளே கிடந்த கேள்வி அது என்று சாரங்கனுக்குத் தெரிந்தது.

"டொக்டர் அம்மா, குறை நினைக்காதேங்கோ. அவ டொக்டருக்குப் படிக்கேல்லைத்தானே. அப்ப எப்பிடி ஒரு ஊரை அவவின்ர கையில விடுறது?"

ரஞ்சனா அக்காவின் பக்கம் திரும்பினார். "அவங்களுக்குத் தெரியாததும் இருக்கும்மா. தெரியாதப்ப போனை எடுத்து எங்களைக் கேக்கறாங்க. எனக்கும் தெரியாததுக்கு நான் இன்னொருத்தரைக் கேக்கறேன். ஆனா இவர் நாற்காலிலேர்ந்து எந்திரிக்கிறதை யாராவது அங்க இருந்து பாத்தாத்தானே? நான் இங்க இருக்கேன். என்னால பாத்திருக்க முடியாது."

பிறகு சாரங்கனிடம் சொன்னார். "ஆபத்தே இல்லன்னு சொல்லமாட்டேன். வயசு இருக்கு, ரொம்ப வருஷம் சிகரெட் பிடிச்ச நுரையீரல். ஆனா இப்படியே போனா அது எப்ப வெடிக்கும்னு தெரியாது. வெடிச்சா அங்கேர்ந்து இங்க வந்து சேர முடியாது. அதை அப்படியே அவர்கிட்ட சொல்லுங்க. மறைக்க வேண்டாம்."

சாரங்கன் சொன்னான். கதிரையில் முன்னுக்குக் குனிந்து, சொல் சொல்லாக, தொழிற்சாலை இரைச்சலுக்குள் சொல்லுவதுபோலச் சொன்னான். பிரஷா செய்தது சரி. அவளுக்கு அந்த உரிமை உண்டு. ஒருவரும் அவளைப் பிடிக்கமாட்டார்கள். இந்த டொக்டர் அவளோடு கதைத்துவிட்டார். ஒப்பரேசனில் ஆபத்து இருக்கிறது. வீட்டுக்குப் போனால் அதைவிட ஆபத்து.

யோசெப் டொக்டரைப் பார்த்தார். ரஞ்சனா தலையை ஆட்டி, தன் நெஞ்சில் கை வைத்தார்.

"சத்தியமாகவா?" என்று சாரங்கனைக் கேட்டார் யோசெப்.

"அவள் என்னுடைய மனைவி. அவளுக்கு ஒன்று வருமென்றால் நான் உங்களை விடுவேனா?"

யோசெப் யோசித்துக்கொண்டே இருந்தார். சரி என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை.

அப்போது அக்கா போய் அவருக்கு முன்னால் தரையில் குந்தினார். முழங்கால் வலிக்காரி. குளிர்காலத்தில் படியிறங்கவே கைப்பிடியைப் பிடிப்பவர். ஒன்றும் கேட்காமல், யோசெப்பின் வலது சப்பாத்தின் முடிச்சில் கை வைத்தார்.

"மெசியே," என்றார், ஐயா என்ற அர்த்தத்தில். விமானச் சாப்பாட்டுக் கூடத்தில் வருடக்கணக்காகப் பழகிய பிரெஞ்சில் மிச்சம் என்ன சொல்லலாமென்று தேடினார்போலும். அகப்படவில்லை. தமிழிலேயே சொன்னார். "கழட்டுவம் என்ன. பேந்து போடலாம்."

கனத்த முடிச்சு. அக்காவின் விரல்கள் அதோடு மல்லுக்கட்டின. யோசெப் குனிந்து அந்த நரைத்த உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, முடிச்சு இளகியதும், காலைத் தானாகவே மெல்ல உயர்த்திக் கொடுத்தார்.

வாசலில் நின்ற தாதி சத்தமில்லாமல் உள்ளே வந்தாள்.

கட்டிலை உருட்டிக்கொண்டு போகும்போது சாரங்கன் மின்தூக்கிவரை கூடவே நடந்தான். யோசெப் அவனுடைய சட்டைக் கையைப் பிடித்திருந்தார். பயத்தில் அவருடைய உதடு காய்ந்து போயிருந்தது.

"செலீனிடம் என்ன சொல்வாய்?"

"நீங்கள் வீட்டுக்கு வரும்போது நானே காரில் கொண்டுவந்து விடுவேன் என்று சொல்லுவேன்."

யோசெப் அவனைச் சந்தேகமாகப் பார்த்தார். "மூஸ்?"

"நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்லுங்கள். நான் பிரேக் பிடிக்கிறேன்."

கிழவரின் வாய்க்கோணத்தில் சிரிப்புப்போல ஒன்று வந்தது. மின்தூக்கிக் கதவு மூடிக்கொண்டது.

*

காத்திருக்கும் அறையின் கண்ணாடிக்கு வெளியே பனி சாய்வாகப் பெய்துகொண்டிருந்தது. சாரங்கன் தொழிற்சாலைக்கு அழைத்து இன்றைக்கு வரமாட்டேன் என்றான். பள்ளிக்கூடம் விட்டதும் ஜெயனியைத் தன் வீட்டில் வைத்திருக்கும்படி அவளுடைய சிநேகிதியின் தாய்க்கும் சொன்னான். அக்கா மெசினில் இருந்து இரண்டு தேநீர் எடுத்துவந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, "இது தேத்தண்ணியோ, பாத்திரம் கழுவின தண்ணியோ," என்றார். இருந்தாலும் குடித்தார்.

யோசெப்பின் சப்பாத்துகள் அக்காவின் காலடியில், சோடியாக, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருந்தன.

"உண்மையாவே கொண்டுபோய் விடப்போறியோ?" என்று கேட்டார் அக்கா.

"ஓம்."

"போய்?"

"போய்ப் பாக்கப்போறன் அக்கா. அவ்வளவுதான். இவ்வளவு நாளும் ஒருக்காவும் போய்ப் பாக்கேல்லை. அவ ஒவ்வொரு முறையும் போகேக்க பையைக் காரில ஏத்திவிட்டிட்டு உள்ளுக்கு வந்திடுவன். பிரஷா அங்க என்ன செய்யிறா எண்டு நான் கேட்டதே இல்லை. காய்ச்சலுக்குக் குளிசை குடுக்கிறா எண்டு நினைச்சன்."

அக்கா தேநீர்க் கோப்பையின் விளிம்பை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"நான் ஞாயிற்றுக்கிழமை சொன்னது அந்த ஊரைப் பற்றி இல்லை, தம்பி."

"தெரியும் அக்கா."

"உனக்கு என்ன தெரியும்?" குரலில் காரமில்லை. "நேர்ஸோ டொக்டரோ, அதெல்லாம் சும்மா வாயில வந்தது. நான் நேர்ஸ்மாரைக் குறைவா நினைக்கிறவளோ? வேற ஒண்டு சொல்ல வெக்கமா இருந்தது. அதை விட்டிட்டு இதைச் சொல்லிப்போட்டன்."

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார்.

"பின்னேரத்தில ஜெயனி மேல ஓடித்திரியிற சத்தம் கேக்கும். குசினிக்குப் போறாள், ஹோலுக்கு வாறாள், கட்டிலில இருந்து குதிக்கிறாள். நான் கீழ இருந்து, இப்ப இஞ்ச நிக்கிறாள், இப்ப அங்க நிக்கிறாள் எண்டு பாத்துக்கொண்டு இருப்பன். சில நேரம் சத்தம் கூடினா தும்புத்தடியால மேல தட்டுவன், தெரியும்தானே. அது கரைச்சலெண்டு தட்டுறதில்லை. தட்டினா அவள் திருப்பிக் காலால ரெண்டு தரம் தட்டுவாள்." அக்கா சால்வையைச் சரிசெய்துகொண்டார். "மேல ஒரு சத்தமும் இல்லாட்டி நான் அந்த வீட்டில என்ன செய்யிறது?"

சாரங்கன் அக்காவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்தான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு அவனைப் பிடித்துக்கொண்டு போன கை. இப்போது குளிர்ந்துபோயிருந்தது. வேண்டாம், நாங்கள் போகவில்லை என்று சொல்லிவிடலாம்போல இருந்தது. யோசெப்பின் முகம் முன்னால் வந்து நின்றதால் சொல்ல முடியவில்லை.

"நீங்களும்..." என்று தொடங்கினான்.

"பேசாம இரு," என்றார் அக்கா. "முதல்ல அந்த மனுசன் வெளியில வரட்டும்."

வெளிச்சம் மங்கத் தொடங்கிய நேரம் ரஞ்சனா வந்தார். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியிருந்தார். அவர் வாய் திறக்குமுன்பே அக்கா எழுந்துவிட்டார்.

"நல்லபடியா முடிஞ்சுது. முழிக்க நேரமாகும், ரெண்டு நாள் கவனமா பாக்கணும். ஆனா நல்லா இருக்கார்." பிறகு சிறிது தயங்கினார். "குழாயோட சுவர் ரொம்ப மெலிஞ்சு போயிருந்துது. வார இறுதி தாண்டியிருக்காது. உங்க ஒய்ஃப்கிட்ட நானே சொல்றேன், ஆனா முதல்ல நீங்க சொல்லுங்க. இது வீட்டு ஆளுங்க வாயால கேக்க வேண்டிய விஷயம்."

அக்கா இரண்டு கைகளையும் கூப்பினார். ரஞ்சனா அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டுப் போனார்.

சாரங்கன் தொலைபேசியை எடுத்தான். முதல் மணியிலேயே பிரஷா எடுத்துவிட்டாள்.

"முடிஞ்சுது பிரஷா. நல்லா இருக்கிறார்."

மறுபக்கத்தில் அவள் பிரெஞ்சில் யாருக்கோ சொல்வதும், ஒரு வயதான பெண் குரல் உடைந்து அழுவதும் கேட்டன. செலீன் அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள்.

"இந்த வார இறுதி தாண்டியிராதாம். டொக்டர் சொன்னவ. நீ கை வைச்சுப் பாத்தபடியால்தான்..." அவன் கண்ணைத் துடைத்தான். "பிரஷா, நான் உன்னைப் பற்றி ஒண்டும் தெரியாம இருந்திட்டன்."

"விடுங்கோப்பா," என்றாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

அக்கா கையை நீட்டினார். சாரங்கன் சத்தத்தைக் கூட்டித் தொலைபேசியைக் கொடுத்தான். அக்கா அதை இரண்டு கைகளாலும் பிடித்துக் காதில் வைத்தார்.

"பிள்ளை, சாப்பிட்டனியே?"

"இன்னும் இல்லை மச்சாள். மச்சாள், நீங்களும் அங்கயோ?"

"ஓம். நல்ல மனுசன், உன்ர யோசெப். பிடிவாதக்காரன்." அக்கா கண்ணாடிப்பக்கம் திரும்பிக்கொண்டார். "அது கிடக்கட்டும். நான் ஒண்டு கேக்கிறன், சொல்லு. அங்க அவை தாறமெண்டு சொன்ன வீடு, அதில எத்தினை அறை?"

சாரங்கன் நிமிர்ந்து பார்த்தான். தொலைபேசியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"என்ன பிள்ளை, கேக்குதோ? எனக்கு மாடி ஏற ஏலாது. கீழ ஒரு சின்ன அறை இருந்தாக் காணும். டோர்வலில என்னை இனியும் தட்டு அடுக்கெண்டு ஆரும் கட்டிவைக்கேல்லை."

"மச்சாள்..." பிரஷாவின் குரல் தடுமாறியது. "நான் காலமை இவருக்குப் போன் எடுக்க முதலே மேயரிட்டச் சொல்லிப்போட்டன். நாங்கள் வரேல்லை எண்டு."

"ஏன்?"

"உங்களைத் தனிய விட்டிட்டு வந்து நாங்கள் இஞ்ச என்னெண்டு இருக்கிறது? ரெண்டு நாளா யோசிச்சுப் பாத்தன். ஏலாது. அதான் சொல்லிப்போட்டன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "இப்ப ஊர்ச்சபை கூடியிருக்கு. கிளினிக்கை எப்ப பூட்டிறதெண்டு முடிவெடுக்கினம்."

அக்கா தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் சாரங்கனைப் பார்த்தார். பிறகு தரையில் இருந்த சப்பாத்துப் பையைப் பார்த்தார். அவிழ்ந்த கயிறுகள் பிளாஸ்டிக்குக்குள் சுருண்டு கிடந்தன.

"கூட்டம் முடிஞ்சுதோ?"

"இல்லை மச்சாள், இப்பதான் துவங்கியிருக்கும்."

அக்கா கதிரையில் உட்கார்ந்தார். கோட்டுப் பையிலிருந்து தன்னுடைய தொலைபேசியை எடுத்து மடியில் வைத்தார்.

"அந்த மேயரின்ர நம்பரைச் சொல்லு, பிள்ளை," என்றார். "தம்பி, நீ பக்கத்தில இரு. எனக்குப் பிரெஞ்சு வராட்டி நீ எடுத்துக் குடு."